சிவில் படித்துவிட்டு வேலை தேடும் தம்பிக்கு: திருமலையில் பில்லுக்குக் காசு யார் கொடுக்கிறார்கள்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் திருகோணமலை (நம் வாயில் திருமலை) மாவட்டத்து மூதூர்த் தம்பி ஒருவர் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் சிவில் எஞ்சினியரிங் முடித்துவிட்டு எட்டு மாதமாக வேலை தேடுகிறார். விண்ணப்பித்த இடங்களில் முக்கால்வாசி பதிலே போடவில்லை. கூப்பிட்ட ஒரு ஒப்பந்தகாரர் சொன்ன சம்பளம் ஒரு நல்ல மேசன் மாதத்தில் உழைப்பதைவிடக் குறைவு. வீட்டில் "ஐ.டி. ஏதாவது படி" என்கிறார்கள், மாமா "கத்தாருக்கு வா" என்கிறார். பொருளாதாரம் விழுந்து கிடக்கும் காலத்தில் சிவில் படித்தவனுக்கு இந்த மாவட்டத்தில் இடமுண்டா என்று கேட்கிறார்.

இடமுண்டு தம்பி. ஆனால் நல்ல காலத்தில் எங்கே இருந்ததோ அங்கே இல்லை. எந்த நிறுவனத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று விசாரிப்பதற்கு முன்னால், நடக்கிற வேலைகளில் எதற்குப் பில் (செய்த வேலைக்கு ஒப்பந்தகாரர் கேட்கும் காசு) ஒழுங்காகப் பாஸாகிறது என்று விசாரியுங்கள். காசு வருகிற இடத்தில்தான் ஆள் எடுப்பார்கள். மற்ற இடங்களில் எடுத்தாலும் மூன்றாம் மாதம் சம்பளம் நிற்கும்.

நம் துறை மட்டும் ஏன் இவ்வளவு பலமாக அடிவாங்குகிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரல் 12ஆம் தேதி இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அப்படிக் கையில் காசில்லாத அரசு எதை வெட்டும்? சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் வெட்டினால் தெருவுக்கு வந்துவிடுவார்கள். உள்நாட்டுக் கடனுக்கான வட்டியைக் கட்டித்தான் ஆகவேண்டும். மிஞ்சுவது மூலதனச் செலவு, அதாவது வீதி, பாலம், கட்டடம், குழாய். வெட்டினால் அன்றைக்கே யாருக்கும் வலிக்காத செலவு அது ஒன்றுதான். தனியார் பக்கமும் தப்பவில்லை. அந்த ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. வங்கிக் கடனை நம்பி ஹோட்டலோ கடைத்தொகுதியோ கட்டிக்கொண்டிருந்தவர்கள் தூணோடு நிறுத்திவிட்டார்கள். 2021 நடுப்பகுதியில் ஆயிரம் ரூபாவை ஒட்டியிருந்த சீமெந்து மூட்டை ஒரு வருடத்துக்குள் மூவாயிரத்தைத் தாண்டியது.

விளைவு: நிர்மாணத்துறை 2022இல் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியது, 2023இல் மறுபடியும் அதே அளவு சுருங்கியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 ரூபாவுக்கு நடந்த வேலை 79 ஆகி, பிறகு 63க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. 2024இல் நாட்டின் பொருளாதாரம் 5 சதவீதம் வளர்ந்தது உண்மைதான். ஆனால் 63இலிருந்து ஏறுகிறவன் பழைய 100ஐத் தொட எத்தனை வருடம் வேண்டும்? "நாடு மீண்டுவிட்டது என்கிறார்கள், எனக்கு ஏன் வேலை இல்லை" என்ற உங்கள் குழப்பத்துக்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. பேராதனை, மொரட்டுவை, காலி ஹப்புகல போதாதென்று கிளிநொச்சி அறிவியல்நகரிலும் ஒலுவிலிலும் பீடங்கள் வந்துவிட்டன. அவையெல்லாம் வருடா வருடம் பட்டதாரிகளை அனுப்பிக்கொண்டுதான் இருக்கின்றன. நெருக்கடி வந்ததென்று யாரும் பட்டமளிப்பை நிறுத்தவில்லை. உங்களுக்கு முன்னால் வரிசை நீளம், அவ்வளவுதான். உங்கள் படிப்பில் பிழையில்லை.

சரி, திருமலையில் காசு எங்கிருந்து வருகிறது?

முதலாவது, அரசு. கிழக்கு மாகாண சபையின் தலைமையகம் நம் ஊரில் இருப்பது சின்ன விஷயமில்லை. மாகாண வீதி அபிவிருத்தி, நீர்ப்பாசனம், கட்டடங்கள் என்று எல்லாவற்றின் தலைமை அலுவலகங்களும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. மத்திய அரசின் பக்கத்தில் வீதி அபிவிருத்தி அதிகார சபை, நீர்ப்பாசனத் திணைக்களம், நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, துறைமுக அதிகார சபை. நிரந்தர நியமனத்துக்குப் போட்டிப் பரீட்சை வரும். எப்போது வரும் என்பதை வைத்து மட்டும் வாழ்க்கையைத் திட்டமிட முடியாது. வந்தால் எழுதுங்கள், அதுவரை வீட்டில் குந்திக்கொண்டு படிக்காதீர்கள். ஊரில் சிலர் இப்படித்தான் மூன்று, நான்கு வருடத்தைக் கரைத்தார்கள். பரீட்சை வந்தபோது வயதும் போயிருந்தது, அனுபவமும் இல்லை.

அரசின் காசு எந்த மாதத்தில் ஓடுகிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. ஜனவரியில் தொடங்கும் புதிய ஒதுக்கீடு, மதிப்பீடு, டெண்டர், ஒப்பந்தம் என்று சுற்றி சைட்டுக்கு வர ஏப்ரல், மே ஆகிவிடும். நவம்பரில் வாடைக்காற்று மழை இறங்கினால் மண்வேலையை மூட்டை கட்டவேண்டியதுதான். ஆகவே திருமலையில் ஒப்பந்தகாரருக்கு ஆள் தேவைப்படுவது சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு. மாவட்டம் நனைந்து கிடக்கும் டிசம்பரில் சீ.வீ. அனுப்பிவிட்டு "பதில் இல்லை" என்று மனமுடைந்தால் அது காலத்தின் பிழை. புத்தாண்டு முடிந்த கையோடு நேரில் போய் நில்லுங்கள். மின்னஞ்சலைவிட நேரில் போன ஆளைத்தான் நம் ஊர் ஒப்பந்தகாரர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

அரச வேலைகளிலும் எல்லாம் ஒன்றல்ல. புதிய கட்டடங்கள் நிற்கும்போதும் பராமரிப்பும் திருத்தமும் முழுதாக நிற்பதில்லை, ஏனென்றால் நிறுத்தினால் ஆள் சாகும். 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் போன கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வெள்ளத்தில் மாவிலாற்றுக் கட்டு உடைந்ததை நீங்களே பார்த்தீர்கள். மூதூர்க்காரருக்கு நான் அதை விளக்கத் தேவையில்லை. குளக்கட்டு, வான் (குளத்தின் மிகுநீர் வழியும் இடம்), மதகு, வாய்க்கால், கல்வெட்டு (வீதிக்கு அடியில் தண்ணீர் போக விடும் சிறு பாலம்), பாலத்தின் அடித்தளம் பக்கத்து மண்ணரிப்பு, இவற்றுக்கான காசு நாட்டின் நிலைமை எப்படியிருந்தாலும் எங்கிருந்தாவது வரும். அதனால் கம்பஸில் படித்த நீரியலையும் மண் இயந்திரவியலையும் தூசு தட்டி எடுங்கள். உயர்மாடிக் கட்டட வடிவமைப்பு பார்க்க அழகுதான், இன்றைக்கு இந்த மாவட்டத்தில் சோறு போடப்போவது கல்வெட்டும் மதகும்.

இரண்டாவது, வெளிநாட்டு உதவியில் நடக்கும் திட்டங்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 2022இல் கடனை நிறுத்தி வைத்தபோது உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி போன்ற பலதரப்பு நிறுவனங்களின் கடனை இலங்கை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை, தொடர்ந்து கட்டியது. அதனால் அவர்களுடைய கதவு மூடப்படவில்லை. நாடுகள் நேரடியாகத் தந்த கடனில் நடந்த வேலைகளோ அப்படியே உறைந்தன. கட்டுநாயக்க விமான நிலையத்தின் இரண்டாவது முனையம் ஜப்பான் கடனில் நடந்தது. 2022இல் நின்ற அந்தக் கடன் 2024இல்தான் திரும்பவும் திறந்தது. நமக்குப் பக்கத்தில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 நவம்பரில் படகுப்பாதை (ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போகும் மிதவை) கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் உயிரிழந்த இடம். அந்தத் துயரத்துக்குப் பிறகாவது பாலம் விரைந்து எழும் என்று எல்லோரும் நினைத்தோம். நெருக்கடி வந்து அந்த வேலையும் நின்றது. அவசியம் எவ்வளவு என்பதைப் பார்த்து வேலை நடப்பதில்லை என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆகவே வீதியோரத் திட்டப் பலகைகளை வாசிக்கப் பழகுங்கள். யார் நிதி, யார் ஆலோசகர், யார் ஒப்பந்தகாரர், எப்போது முடியவேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். மட்டக்களப்பு வீதியிலும் கந்தளாய் வீதியிலும் ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் போனால், வேலைவாய்ப்புத் தளங்களில் ஒரு மாதம் உட்கார்ந்து கிடைப்பதைவிட அதிகம் தெரியும். பலதரப்பு நிதியில் நடக்கும் வேலைகளில் மேற்பார்வை செய்யும் ஆலோசனை நிறுவனங்களுக்குத் தரக் கட்டுப்பாடு, சூழல் பாதுகாப்பு, காணி எடுப்பு, மக்கள் முறைப்பாடு என்று ஆட்கள் வேண்டும். தமிழும் சிங்களமும் பேசி, ஆங்கிலத்தில் அறிக்கை எழுதக்கூடிய உள்ளூர்ப் பட்டதாரி அவர்களுக்குக் கிடைப்பது அருமை. திருமலை மாவட்டத்தில் மூன்று சமூகமும் கலந்து வாழ்வதால் இது இன்னும் முக்கியம். சேருவிலவில் விவசாயிகள் கூட்டம் சிங்களத்தில் நடக்கும், வெருகலில் தமிழில் நடக்கும். உங்கள் சிங்களம் சரியில்லையென்றால் இன்றைக்கே தொடங்குங்கள். அரச சேவைக்குள் போனாலும் இரண்டாவது மொழித் தேர்ச்சி கேட்பார்கள், ஆகவே வீண் போகாது.

மூன்றாவது, தொழிற்சாலைகளும் துறைமுகமும். சீனக்குடாவில் டோக்கியோ சீமெந்து ஆலையும் பிறீமா மாவாலையும் பல பத்தாண்டுகளாக இயங்குகின்றன. அங்கே பெரிய புதுக் கட்டுமானம் தினமும் இருக்காது, ஆனால் தளம், வடிகால், களஞ்சியம், இறங்குதுறைத் திருத்தம் என்று ஏதோவொன்று நடந்துகொண்டிருக்கும். அவற்றைச் செய்யும் உப ஒப்பந்தகாரர்களைத் தேடிப் பிடியுங்கள். தனியார் ஆலை அரசைவிட வேகமாகப் பில் பாஸ் பண்ணும்.

பெருந்திட்டச் செய்திகளைப் பற்றி ஒரு வார்த்தை. சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் வரப்போகிறது என்று வருடக்கணக்கில் பேசினார்கள், 2016இல் கைவிட்டார்கள். பிறகு அதே சம்பூரில் சூரிய மின்சாரம், 50 மெகாவாட்டும் 70 மெகாவாட்டுமாக இரண்டு கட்டம், 2025 ஏப்ரலில் வைபவம். திருமலையிலுள்ள இரண்டாம் உலகப்போர்க் காலத்து 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி 2022 ஜனவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 61 தாங்கிகள் கூட்டு நிறுவனத்துக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்தியன் ஒயிலின் இலங்கைக் கம்பனியான லங்கா ஐ.ஓ.சி.க்கு. ஒவ்வொரு தடவையும் ஊரில் காணி விலை ஏறும், பட்டதாரிகளின் நம்பிக்கையும் ஏறும். சூரிய மின்நிலையத்தில் சிவில் வேலை என்பது நிலத்தைச் சமப்படுத்தல், உள்வீதி, வடிகால், கம்பங்களுக்கான அடித்தளம். சில மாதத்தில் முடிந்துவிடும், அதற்குப் பிறகு மின் பொறியியலாளரின் ராச்சியம். தாங்கித் திருத்தத்திலும் இயந்திரவியல் ஆட்களின் பங்குதான் பெரிது. கையெழுத்துப் படம் பத்திரிகையில் வந்த நாளைக் கணக்கில் எடுக்காதீர்கள். மண் வெட்டும் இயந்திரம் லொறியில் வந்து இறங்கிய நாளிலிருந்து எண்ணுங்கள்.

நான்காவது வீடுகள். பலர் இதைக் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். எனக்கு அந்த எண்ணத்தில் உடன்பாடில்லை. திருமலையில் எழும் வீடுகளில் கணிசமானவை மத்திய கிழக்கிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வரும் பணத்தில் எழுகின்றன. ரூபா விழும்போது அவர்கள் கையிலுள்ள வெளிநாட்டுப் பணம் ஊதும். 200 ரூபாவாக இருந்த டொலர் 360ஐத் தொட்டபோது இங்கே எல்லோரும் அழுதோம், டொரொண்டோவிலிருந்த மச்சான் வீட்டுத் திட்டத்தை எடுத்துத் தூசு தட்டினான். சீமெந்தும் கம்பியும் டொலரைவிட வேகமாக ஏறியதால் உடனே பெரிதாக மிச்சம் வரவில்லை. கூலியும் மணலும் கல்லும் அவ்வளவு ஏறவில்லை, விலைகள் கொஞ்சம் இறங்கியதும் அந்த வேலைகள் தொடங்கிவிட்டன. வெளிநாட்டில் இருக்கிறவருக்குப் பெரிய பயம், "என் காசை இங்கே யாராவது தின்றுவிடுவார்களோ" என்பதுதான். ஒழுங்கான அளவுப் பட்டியல், வாரம் ஒரு புகைப்பட அறிக்கை, எத்தனை மூட்டை வந்தது எத்தனை போனது என்ற கணக்கு, இவற்றைக் கொடுக்கிற ஒரு பட்டதாரிக்கு அவர் மகிழ்ச்சியோடு காசு தருவார். இரண்டு மூன்று வீடுகளைச் சேர்த்துப் பார்த்தால் அந்த ஒப்பந்தகாரர் சொன்ன சம்பளத்துக்குக் குறையாது. கட்டமைப்பு வடிவமைப்புக்கு மட்டும் அனுபவமுள்ள பட்டயப் பொறியியலாளர் (சார்ட்டர்ட் எஞ்சினியர்) ஒருவரின் கையெழுத்தின் கீழ் வேலை செய்யுங்கள், தனியாகத் துணிச்சல் காட்டாதீர்கள். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களும் இதே வகைதான்: சீசன் முடிந்து ஆட்கள் போனபிறகு, மழைக்கு முன் கிடைக்கும் சிறு இடைவெளியில் திருத்த வேலை வரும்.

இனி எந்தத் திறமை என்ற கேள்வி. நெருக்கடிக் காலத்தில் வடிவமைப்பாளருக்கு வேலை குறைகிறது, கணக்குப் பார்க்கிறவருக்குக் கூடுகிறது. காரணம் எளிது. 2021இல் சீமெந்து ஆயிரம் ரூபா என்று விலை போட்டு எடுத்த வேலையை 2022இல் மூவாயிரம் கொடுத்து முடிக்கவேண்டி வந்தது. விலையேற்ற ஈடு ஒப்பந்தத்தில் இருந்தவர்கள், நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபை வெளியிடும் விலைச் சுட்டெண்களை வைத்துச் சூத்திரப்படி கொஞ்சம் மீட்டார்கள். அந்த வாசகம் இல்லாத சிறு ஒப்பந்தங்களை எடுத்தவர்கள் வீட்டு வளவை அடகு வைத்தார்கள். ஈடு இருந்தும் மீட்க முடியாமல் போனவர்களும் உண்டு. அவர்களிடம் தினக்குறிப்பு இல்லை, எரிபொருள் இல்லாமல் இயந்திரம் எத்தனை நாள் நின்றது என்ற பதிவு இல்லை, அறிவித்தல் கடிதம் கொடுக்கவில்லை. ஃபிடிக் (சர்வதேசப் பொறியியல் ஆலோசகர் கூட்டமைப்பின் மாதிரி) வகை ஒப்பந்தத்தில் கோரிக்கைக்கான காரணம் தெரிந்து 28 நாளுக்குள் அறிவிக்காவிட்டால் உரிமையே போய்விடும். ஒப்பந்தகாரர்களுக்குப் பாடம் விளங்கிவிட்டது, செய்வதற்கு ஆள் இல்லை. அளவெடுப்பு, அளவுப் பட்டியல், விலைப் பகுப்பாய்வு, கால நீடிப்புக் கடிதம், இவற்றை ஒழுங்காகச் செய்யத் தெரிந்த பட்டதாரியை மூன்றாம் மாதத்தில் முதலாளி தன் மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். வளைகுடாவில் இலங்கையர் பெயர் எடுத்திருப்பதும் பெரும்பாலும் கியூ.எஸ். எனப்படும் இந்த அளவு, விலைக் கணக்கு வேலையில்தான். ஆகவே இங்கே பழகுவது அங்கேயும் கைகொடுக்கும்.

விலை உயர்ந்த மென்பொருள் சான்றிதழ் வகுப்புகளுக்கு வீட்டுக் காசைக் கொட்டாதீர்கள். எக்செல்லும் ஓட்டோகாட்டும் கையில் ஓடவேண்டும், லெவல், டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவிகளை நீங்களே நிறுத்திப் பார்க்கவேண்டும், அது போதும் தொடங்க. கட்டடத்தை முப்பரிமாண மாதிரியாக்கும் ரெவிட் போன்ற மென்பொருள்களில் உண்மையிலேயே ஆர்வம் இருந்தால் வேறு கதை. கொழும்பில் இருந்துகொண்டு பிரித்தானிய, அவுஸ்திரேலிய நிறுவனங்களுக்கு வரைபடமும் மாதிரியும் செய்துகொடுக்கும் அலுவலகங்கள் உண்டு. உள்நாட்டு மந்தம் அவர்களை அவ்வளவு தொடுவதில்லை. வீட்டார் சொல்லும் ஐ.டி.க்கும் உங்கள் பட்டத்துக்கும் நடுவில் இருக்கும் வழி அது. முழுதாக ஐ.டி.க்குத் தாவுவதென்றால், கோடிங் பிடித்துத் தாவுங்கள். அங்கேயும் புதியவர்களுக்கு வரிசை குறைவில்லை. இணைந்த கணிதத்துக்கு டியூஷன் வகுப்பு எடுப்பதும் திருமலையில் நல்ல வருமானம்தான். ஆனால் மாலையிலும் ஞாயிறிலும் மட்டும். முழுநேரமாக இரண்டு வருடம் போனால் பிறகு எந்த சைட்டும் உங்களை எடுக்காது.

கத்தார் பற்றி மாமாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: விசாவில் என்ன தொழில் போடுவார்கள்? அனுபவமில்லாமல் போகிற பட்டதாரிகளைப் போர்மன், வரைவாளர் என்று விசாவில் போட்டு அனுப்புவது சாதாரணம். பிறகு அதை மாற்றப் படாத பாடு படவேண்டும். கத்தாரில் பொறியியலாளராகப் பதிவு செய்ய அமைச்சின் பரீட்சை இருக்கிறது, சவூதியில் பொறியியலாளர் பேரவையின் பதிவு வேண்டும். இரண்டுக்கும் அனுபவக் கடிதம் கேட்பார்கள். 2022 உலகக் கோப்பையோடு கத்தாரின் பெரிய அலை ஓய்ந்தது, இப்போது ஆள் இழுப்பது சவூதி. 2009இல் துபாயில் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கூட்டமாகத் திரும்பி வந்ததும் மறக்கக்கூடியதல்ல. இங்கே இரண்டு வருடம் ஒழுங்காக வேலை செய்து, பட்டத்தை அத்தாட்சிப்படுத்தி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போனால் சம்பளமும் வேறு, மரியாதையும் வேறு. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து என்று எண்ணமிருந்தால் உங்கள் பட்டம் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றதா, நீங்கள் படித்த ஆண்டு மாணவர் அணிக்கும் அது பொருந்துமா என்று பாருங்கள். பொறியியல் பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கை 2014 முதல் இருப்பதால் அங்கீகாரம் இருந்தால் பாதை பாதி சுலபம்.

அந்த ஒப்பந்தகாரரின் சம்பளத்தை ஏற்பதா? சம்பளத் தொகையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு அவரிடம் மூன்று விஷயம் விசாரியுங்கள். அவருடைய பதிவுத் தரம் என்ன, இன்னும் செல்லுபடியாகிறதா? கையிலுள்ள வேலைக்கு யார் காசு கொடுக்கிறார்கள், கடைசிப் பில் எப்போது கிடைத்தது? உங்களை அளவெடுக்க விடுவாரா, அல்லது மணல் லொறியை எண்ண மட்டுமா? பதில் திருப்தியென்றால் ஒரு வருடத்துக்குப் போங்கள். மேசனின் கூலி கூடுதலாகத் தெரியலாம், மழை மாதங்களில் அவருக்கு அதுவும் இல்லை. ஆனால் "பயிற்சிக்கு வா, சம்பளம் பிறகு பார்ப்போம்" என்கிறவரிடம் ஒரு நாளும் நிற்காதீர்கள்.

சேர்ந்த முதல் மாதமே ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறாரா என்று பாருங்கள். உங்கள் பங்கு 8 சதவீதம், அவர் பங்கு 12, நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு அவர் இன்னும் 3. இது ஓய்வூதியக் கணக்கு என்று மட்டும் நினைக்கவேண்டாம். நாளைக்கு அந்த நிறுவனம் மூடினால், நீங்கள் அங்கே வேலை செய்ததற்கு மறுக்க முடியாத சான்று அது ஒன்றுதான். நியமனக் கடிதத்தில் பதவி "பொறியியலாளர்" என்று எழுதப்படவேண்டும், "சைட் உதவியாளர்" என்று எழுத விடாதீர்கள். பொறியியலாளர் நிறுவனத்தில் இணை உறுப்பினராக இப்போதே சேருங்கள். 2017ஆம் ஆண்டின் சட்டப்படி பொறியியல் பேரவையிலும் பதிந்துவிடுங்கள். சிறிய கம்பனியில் பட்டயப் பொறியியலாளர் இருக்கமாட்டார், ஆகவே ஆலோசகர் பக்கத்திலோ திணைக்களத்திலோ ஒருவரைப் பிடித்து, நீங்களும் பட்டயம் பெறுவதற்கான பயிற்சிக் குறிப்பேட்டில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கையெழுத்து வாங்குங்கள். பிறகு மொத்தமாக வாங்கலாம் என்று விட்டுவைத்தால், கையெழுத்துப் போடவேண்டியவர் அதற்குள் ரியாத்துக்கு விமானம் ஏறியிருப்பார்.